பழைய லேப்டாப்பில் பேக்கெட் ரேடியோ மெயில்பாக்ஸ்: சென்னையில் எங்கிருந்து தொடங்குவது?

நங்கநல்லூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: ரெஸ்ட்ரிக்டட் கிரேடு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் கைக்கு வந்துவிட்டது. டெபியன் லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் ஒன்றும், ஐந்து வாட் ஹேண்டி (கையடக்க ரேடியோ) ஒன்றும் இருக்கின்றன. இன்டர்நெட் இல்லாமல், ரேடியோ வழியாகவே நண்பர்கள் செய்தி போட்டு எடுக்கிற மாதிரி ஒரு மெயில்பாக்ஸ் அமைக்க எந்த மென்பொருள் நல்லது? கடைசி வரியில், 2015 டிசம்பர் வெள்ளத்தில் செல்போன் எல்லாம் நின்றபோது இப்படி ஒன்று இருந்திருந்தால் உதவியிருக்குமே என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. மென்பொருள் எது என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். மழை நாளில், கரண்ட் இல்லாத ராத்திரியில் அது வேலை செய்யுமா என்பதற்குத்தான் விரிவாகப் பேச வேண்டும். பேக்கெட் நிலையங்களை, அதாவது எழுத்துச் செய்தியைச் சிறு பொட்டலங்களாக ரேடியோவில் அனுப்பும் நிலையங்களை, பல வருஷமாக அமைத்தும் பழுது பார்த்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு வரி. மோடம் வேலைக்கு டயர்வுல்ஃப், மெயில்பாக்ஸுக்கு லின்பிபிக்யூ. இரண்டும் இலவசம். நீங்கள் தட்டச்சு செய்யும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாக உடைந்து, ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புபவர், பெறுபவர் கால்சைன் (உரிமத்தோடு வரும் அடையாளப் பெயர்) ஏறி, கடைசியில் பிழை பார்க்கும் 16 பிட் எண் ஒன்று சேர்ந்து, 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாறி சாதாரண எஃப்எம் குரல் போலவே காற்றில் போகிறது. இந்த விதிமுறைக்கு ஏஎக்ஸ்.25 என்று பெயர். 1984-லேயே அச்சில் வந்த இரண்டாம் பதிப்பின் அடிப்படையில்தான் இன்றும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு இதற்கு டிஎன்சி என்ற தனிப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலையை சவுண்ட் கார்டும் டயர்வுல்ஃபும் செய்துவிடுகின்றன. லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே ஏஎக்ஸ்.25 உண்டு. கிஸ்அட்டாச் என்ற நிரல் கொண்டு அதை இணைத்து, மேலே எஃப்பிபி போன்ற மெயில்பாக்ஸை ஓட்டுவது பழைய, மரியாதைக்குரிய வழி. ஆனால் புதியவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. லின்பிபிக்யூ கர்னலின் தயவில்லாமல் தன் சொந்த ஏஎக்ஸ்.25-ஐயே பயன்படுத்துகிறது. அதனால் கர்னல் அப்டேட் ஆகி ஏதோ ஒன்று உடைந்தது என்ற தலைவலி உங்களுக்கு வராது. அதை எழுதியவர் ஜான் வைஸ்மன் என்ற பிரிட்டிஷ் ஹாம். அவருடைய ஜி8பிபிக்யூ என்ற கால்சைன்தான் மென்பொருளின் பெயரில் இருக்கிறது.

கம்பியில் கை வைக்கும் முன் உரிமத்தை எடுத்துப் படியுங்கள். அதில் உங்களுக்கு அனுமதித்த அலைவரிசைகள், பவர், உமிழ்வு வகைகள் எல்லாம் குறியீடாக இருக்கும். எஃப்எம் வழியாக ஒலியாக அனுப்பும் 1200 பாட் பேக்கெட்டுக்கு எஃப்2டி என்று குறி. அது பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உரிமம் தரும் மத்திய அரசுப் பிரிவான டபிள்யூபிசி-யிடம் எழுத்தில் கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகே டிரான்ஸ்மிட் செய்யுங்கள். நிலையம் உரிமத்தில் உள்ள முகவரியில்தான் இருக்க வேண்டும். நண்பர் வீட்டு மாடி உயரம் என்பதற்காக அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது. செய்தியின் பொருளை மறைக்கும் குறியாக்கம் அமெச்சூர் சேவைக்கு ஆகாத ஒன்று, ஆகவே ரேடியோ வழியே எஸ்எஸ்ஹெச் (குறியாக்கம் செய்த தொலை இணைப்பு) போட்டு உங்கள் லேப்டாப்பை நிர்வகிக்க நினைக்காதீர்கள். பண லாபம் சம்பந்தப்பட்ட எதுவும் கூடாது. மெயில்பாக்ஸை இன்டர்நெட்டோடு இணைப்பதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், உங்கள் நோக்கத்துக்கு அது தேவையே இல்லை. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: மெயில்பாக்ஸில் தனிப்பட்ட செய்தி என்று ஒரு வகை இருந்தாலும், காற்றில் போகும்போது அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நண்பர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சரி, பொருள்களுக்கு வருவோம். லேப்டாப்பில் உள்ள மைக் துளையை நம்பாமல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைத் தனியாக வாங்குங்கள். இல்லையென்றால் லேப்டாப்பில் வரும் ஒவ்வொரு அறிவிப்பு மணியும் 2 மீட்டர் என்ற ஹாம் அலைவரிசையில் ஒலிபரப்பாகும். சவுண்ட் கார்டுக்கும் ரிக்குக்கும் (ரேடியோ கருவிக்கும்) நடுவே 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு போட்டால் தரைவழி இரைச்சல் போய்விடும். மைக் பக்கம் சில பத்து மில்லிவோல்ட்தான் வேண்டும், சவுண்ட் கார்டோ ஒரு வோல்ட் அளவுக்குத் தள்ளும். அதனால் ஒரு 10 கே பிரிசெட் (திருப்பிக் கூட்டிக் குறைக்கும் சிறு ரெசிஸ்டர்) வைத்துக் குறைக்க வேண்டும். பிடிடி-க்கு (ரிக்கை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் சுவிட்சுக்கு) ஒரு யுஎஸ்பி சீரியல் அடாப்டரின் ஆர்டிஎஸ் கம்பியும் ஒரு பிசி547 டிரான்சிஸ்டரும் ஒரு ரெசிஸ்டரும் போதும். இவை அனைத்தையும் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். ஆர்டிஎஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டிடிஎல் மட்டத்தில் வரும் சின்ன சீரியல் போர்டுகளில் ஆர்டிஎஸ் ஓய்வில் இருக்கும்போதே உயர்ந்த நிலையில் இருக்கும். டிரான்சிஸ்டரை நேராக அதில் கட்டினால், டயர்வுல்ஃப் ஓடாத நேரமெல்லாம் ரிக் டிரான்ஸ்மிட்டிலேயே நிற்கும். ஆர்எஸ்232 மட்டத்தில் தரும் அடாப்டரில் இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் டிரான்ஸ்மிட்டைத் தானே நிறுத்தும் ரிக்கின் டைம் அவுட் டைமரை ஒரு நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள்.

ஹேண்டி போதுமா? பழகுவதற்குப் போதும், இரவு பகலாக ஓடும் மெயில்பாக்ஸுக்குப் போதாது. தொடர்ந்து பொட்டலம் அனுப்பினால் அது சூடேறிப் போகும். அதன் ரப்பர் ஆன்டெனாவை லேப்டாப் பக்கத்தில் வைத்து ஐந்து வாட் அனுப்பினால் யுஎஸ்பி அடாப்டர் உறைந்துபோவதையும் பார்க்கலாம். ஆன்டெனா மொட்டை மாடிக்குப் போன பிறகு இது பெரும்பாலும் சரியாகிவிடும், கேபிளில் ஃபெரைட் போட்டால் இன்னும் நல்லது. ஹேண்டியில் இரண்டு அமைப்புகளை மாற்றுங்கள்: பேட்டரி சேவ் முழுக்க ஆஃப், ஸ்க்வெல்ச் (வெறும் இரைச்சலை அடக்கும் அமைப்பு) முழுக்கத் திறப்பு. பேட்டரி சேவ் இருந்தால் ரிசீவர் தூங்கித் தூங்கி விழிக்கும், பொட்டலத்தின் தலைப் பகுதி அதற்குள் போய்விடும். வாக்ஸ் (ஒலி வந்தால் தானே டிரான்ஸ்மிட்டுக்கு மாறும் வசதி) வைத்து பிடிடி கம்பியை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பொட்டலம் முடிந்த பிறகும் அது டிரான்ஸ்மிட்டிலேயே கொஞ்ச நேரம் நிற்கும், எதிர்முனையின் பதில் அந்த நேரத்தில்தான் வந்துகொண்டிருக்கும். பிற்பாடு காசு சேர்ந்ததும், பின்னால் ஆறு முள் டேட்டா சாக்கெட் உள்ள ஒரு மொபைல் ரிக் வாங்கி, பத்து வாட்டில் நிம்மதியாக ஓட்டுங்கள்.

இனி நான் அதிகம் வலியுறுத்துகிற இடம். மெயில்பாக்ஸை நிறுவுவதற்கு முன்பு, டயர்வுல்ஃபை மட்டும் ஓட்டி, வெறும் காதாக வைத்துப் பழகுங்கள். டெபியன் தொகுப்பிலேயே அது கிடைக்கிறது. உங்கள் யூசரை ஆடியோ, டயல்அவுட் குழுக்களில் சேர்த்து, அமைப்புக் கோப்பில் சவுண்ட் கார்டையும் கால்சைனையும் பிடிடி போர்ட்டையும் கொடுத்தால் ஓடத் தொடங்கிவிடும். சவுண்ட் கார்டை எண்ணால் குறிக்காமல் பெயரால் குறியுங்கள், ஏனென்றால் ரீபூட்டில் எண் மாறும். ஆல்சாமிக்ஸர் என்ற ஒலி அமைப்பு நிரலில் மைக்கின் தானியங்கி கெயினை அணைத்து, அந்த நிலையைச் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு பொட்டலம் வரும்போதும் டயர்வுல்ஃப் திரையில் அனுப்பியவர் கால்சைனும் ஆடியோ லெவல் என்று ஒரு எண்ணும், அதன் பின்னால் அடைப்புக்குள் சாய்கோடு பிரித்து இரண்டு எண்களும் வரும். முதல் எண் 50-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. எல்லோரும் அதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடைப்புக்குள் இருக்கும் இரண்டும்தான் கதை சொல்லும். அவை 1200 ஹெர்ட்ஸும் 2200 ஹெர்ட்ஸும் தனித்தனியே எவ்வளவு வலுவாக வந்தன என்பதைக் காட்டுகின்றன. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கவலையில்லை. இரண்டாவது மட்டும் மிகவும் சரிந்திருந்தால், உயர்ந்த ஒலி எங்கேயோ அமுங்குகிறது என்று அர்த்தம். ஒன்று உங்கள் ஸ்பீக்கர் துளையின் டிஎம்ஃபசிஸ் (உயர்ந்த ஒலியைத் தாழ்த்தும் சுற்று), அல்லது அனுப்புபவர் பக்கத்துக் கோளாறு. எல்லோரிடமிருந்தும் அப்படி வந்தால் உங்கள் பக்கம், ஒருவரிடமிருந்து மட்டும் என்றால் அவர் பக்கம்.

கேட்பதற்குக் காற்றில் பேக்கெட்டே இல்லையே என்பீர்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் 145.825 மெகாஹெர்ட்ஸில் 1200 பாட் பேக்கெட்டை மறு ஒலிபரப்பு செய்கிறது. அது எப்போதும் இயக்கத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் இருக்கும் நாளில் சென்னைக்கு மேலே வரும் பத்து நிமிடத்துக்குள் மொட்டை மாடியில் நின்று ஹேண்டியிலேயே பிடிக்கலாம். நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை நகரும் டாப்ளர் விலகல் இங்கே மூன்றரை கிலோஹெர்ட்ஸுக்குள்தான், எஃப்எம்முக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. வானம் பார்க்க முடியாத நாளில், டயர்வுல்ஃபோடு வரும் ஜென்பேக்கெட்ஸ் நிரலால் பொட்டல ஒலியை ஒரு கோப்பாக உண்டாக்கி இன்னொரு கணினியிலிருந்து வாசித்துப் பாருங்கள்.

காது சரியானபின் வாய். டிரான்ஸ்மிட்டில் கவனிக்க இரண்டே விஷயம். ஒன்று, ஒலியின் அளவு. அதிகம் என்றால் நல்லது என்று நினைத்து ஏற்றினால் ரிக் அலையின் தலையை வெட்டிவிடும், எதிர்முனையில் சத்தம் பெரிதாகக் கேட்கும், ஆனால் ஒரு பொட்டலமும் தேறாது. சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் (ஒலியால் அலைவரிசை விலகும் அளவு) போதும். அளக்கக் கருவி இல்லையென்றால், இன்னொரு ரிசீவரில் உங்கள் குரலையும் பொட்டலத்தையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பொட்டலம் குரலைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி பிரிசெட்டைத் திருப்பி, அங்கிருந்து நண்பரின் திரையைப் பார்த்து நுணுக்கமாகச் சரிசெய்யுங்கள். இரண்டாவது, டிஎக்ஸ்டிலே. பிடிடி அழுத்தியதும் ரிக் முழுதாக எழுந்திருக்கச் சில நூறு மில்லிசெகண்ட் ஆகும். டயர்வுல்ஃபில் இது பத்து மில்லிசெகண்ட் அலகில், இயல்பாக 30, அதாவது 300 மில்லிசெகண்ட். மெதுவான ஹேண்டிக்கு 40, 50 தேவைப்படலாம்.

இப்போது லின்பிபிக்யூ. அதற்கு பிபிக்யூ32 என்ற ஒரே அமைப்புக் கோப்புதான். அதில் உங்கள் நோடின் (நிலையத்தின் இணைப்பு முனையின்) கால்சைன், டயர்வுல்ஃபை அடைய உள்ளூர் முகவரியில் 8001-ஆம் டிசிபி போர்ட்டை கிஸ் (மோடத்தோடு பேசும் எளிய முறை) வகையாகச் சொல்லும் ஒரு பகுதி, உலாவியில் நிர்வகிக்க டெல்நெட் பகுதி, மெயிலை இயக்கும் லின்மெயில் என்ற ஒற்றைச் சொல் வரி, மெயில்பாக்ஸுக்கென்று ஒரு அப்ளிகேஷன் வரி, இவ்வளவுதான் அத்தியாவசியம். கால்சைனுக்குப் பின்னால் 0 முதல் 15 வரை ஒரு எண் ஒட்டலாம் என்பதால், நோடுக்கு ஒன்று, மெயில்பாக்ஸுக்கு ஒன்று, நீங்களே பேசும்போது ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். மீதி அமைப்புகள் எல்லாம் உலாவியில் 8080 போர்ட்டில் திறக்கும் பக்கத்திலேயே செய்துவிடலாம். மெயில் காத்திருப்பவர்கள் பெயரை அவ்வப்போது காற்றில் அறிவிக்கும் வசதி உண்டு. அரை மணிக்கு ஒரு முறை போதும், அதற்கு மேல் அலைவரிசையை அடைக்க வேண்டாம்.

உங்கள் நண்பர் பக்கம் என்ன தெரியும்? அவர் கணினியிலும் டயர்வுல்ஃபும், க்யூடிடெர்ம்டிசிபி போன்ற ஒரு டெர்மினலும் இருந்தால் போதும். உங்கள் மெயில்பாக்ஸ் கால்சைனைக் கொடுத்து கனெக்ட் என்று அடிப்பார். ரிக் ஒரு முறை கிறீச்சிடும், சில விநாடி கழித்து வரவேற்பு வரும், முதல் முறை என்றால் பெயர் கேட்கும். எஸ்பி, இடைவெளி, பெறுபவர் கால்சைன் என்று அடித்தால் தலைப்பு கேட்கும், பிறகு செய்தி. தனி வரியில் சாய்கோடும் இஎக்ஸ் என்ற எழுத்துகளும் அடித்தால் செய்தி முடிந்தது. எல்எம் என்றால் தனக்கு வந்தவற்றின் பட்டியல், ஆர் போட்டு எண் கொடுத்தால் படிக்கலாம், கே போட்டால் அழிக்கலாம், பி என்றால் விடைபெறலாம். பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

தமிழில் எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கண்டிப்பாக எழுதிப் பார்ப்பீர்கள். இரு முனையிலும் டெர்மினல் யூடிஎஃப்-8 என்று இருந்தால் தாராளமாகப் போகும், ஏஎக்ஸ்.25 எந்த பைட்டையும் தடுப்பதில்லை. விலை வேறு இடத்தில். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'வணக்கம்' என்பதில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறி, ஆக 21 பைட். 1200 பாட் என்றால் விநாடிக்கு 150 பைட்தான். 500 குறியுள்ள ஒரு தமிழ்ச் செய்தி காற்றில் மட்டுமே பத்து விநாடி. தலைப்பு, பதில், காத்திருப்பு எல்லாம் சேர்ந்து நடைமுறையில் அரை நிமிடத்தைத் தாண்டும். இதைத் தமிழில் எழுதாதீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவசர நாளில் அம்மாவுக்கு மருந்து வேண்டும், இந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று எழுதுவதற்கு நம் மொழிதான் சட்டென்று வரும், பெறுகிறவருக்கும் குழப்பமில்லை. சுருக்கமாக எழுதப் பழக வேண்டும், அவ்வளவே.

எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் முன்கூட்டிச் சொல்ல முடியாதது. கணக்கு ஒன்று உண்டு: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் வரும். நாலு மாடிக் கட்டடத்து உச்சியில், 15 மீட்டரில் வைத்தால் 16 கிலோமீட்டர், எதிர்முனையும் அதே உயரம் என்றால் இரண்டையும் கூட்டி 32. காகிதத்தில் இது தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரைக்கும் எட்டும். தரையில் நடுவே பரங்கிமலை இருக்கிறது, பழைய மாம்பலம் வீடுகளுக்கு மேல் எழுந்த அடுக்குமாடிகள் இருக்கின்றன, எல்லா வீட்டு எல்ஈடி விளக்கும் இன்வெர்ட்டரும் கொஞ்சம் கொஞ்சம் இரைச்சல் போடுகின்றன. குரலில் சிரமப்பட்டுப் புரிந்துகொள்ளும் சிக்னல் பேக்கெட்டுக்குப் போதாது, ஏனென்றால் ஒரு பிட் தவறினாலும் முழுப் பொட்டலமும் குப்பை. பத்தாயிரம் பிட்டுக்கு ஒன்று தவறும் தடத்தில், 256 பைட் பொட்டலங்களில் ஐந்தில் ஒன்று போய்விடும், 128 பைட்டாகக் குறைத்தால் ஒன்பதில் ஒன்றுதான் போகும். அதனால் பேக்லென்னை (பொட்டலத்தின் பைட் அளவை) 120 அளவில் வையுங்கள், மேக்ஸ்ஃப்ரேம் (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் பொட்டல எண்ணிக்கை) 2. டயர்வுல்ஃபில் எஃப்எக்ஸ்.25 என்ற பிழைதிருத்தும் வசதி இருக்கிறது. அதைப் புரியாத பழைய நிலையங்களுக்கும் சாதாரணப் பொட்டலமாகவே தெரியும் என்பதால் தயங்காமல் போடலாம். வேளச்சேரிக்காரரும் அம்பத்தூர்க்காரரும் உங்களைக் கேட்பார்கள், ஒருவரையொருவர் கேட்கமாட்டார்கள், ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொள்வார்கள். இதற்கு முழு மருந்து கிடையாது, குறுகிய பொட்டலமும் பொறுமையான மறுமுயற்சியும்தான். குரலை வாங்கி மறு ஒலிபரப்பு செய்யும் ரிப்பீட்டர் பக்கம் மட்டும் பேக்கெட்டைக் கொண்டு போகாதீர்கள். 145.8 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே செயற்கைக்கோள்களுக்கானது. எந்த சிம்ப்ளக்ஸ் (ரிப்பீட்டர் இல்லாமல் நேராகப் பேசும்) அலைவரிசை காலியாக இருக்கிறது என்று உள்ளூர் ஹாம்களிடம் கேட்டு, சில நாள் காது கொடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெள்ள நாளுக்கு வருகிறேன். உங்கள் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ராஸ்பெர்ரி பை வாங்கச் சொல்வார்கள், வேண்டாம். லேப்டாப்பின் பேட்டரி அரை மணி நின்றாலும் அது உள்ளேயே இருக்கும் ஒரு யுபிஎஸ், திடீர் மின்வெட்டில் கோப்புகள் கெடாது. அதைவிட முக்கியம் கடிகாரம். பழைய பை போர்டுகளில் தனிக் கடிகாரம் கிடையாது, இன்டர்நெட்டில் நேரம் வாங்கும். மின்சாரம் போய் வந்து, இன்டர்நெட்டும் இல்லாத நாளில் அதற்குத் தேதியே தெரியாது. மெயில்பாக்ஸோ தேதியைப் பார்த்துத்தான் பழைய செய்திகளைக் கழிக்கிறது. பை-தான் என்றால் டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். லேப்டாப்பில் மூடியை மூடினால் தூங்காதபடி லாகின்டி அமைப்பை மாற்றி, இரண்டு நிரல்களும் தானே எழும்படி சிஸ்டம்டி-யில் பதியுங்கள். வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் நம்புவோம் என்றாலும் 900 வாட்-மணி இருக்கிறது. லேப்டாப்பும் கேட்டுக்கொண்டிருக்கும் ரிக்கும் சேர்ந்து 30 வாட் அளவில் இழுத்தால், இன்வெர்ட்டர் தின்பது போக ஒரு நாள் ஓடும், மின்விசிறி போடாத வரைக்கும். 2015-இல் சில பகுதிகளில் மின்சாரம் பல நாள் வரவில்லை. ஆகவே ரிக்கை நேராக 12 வோல்ட்டில் ஓட்டவும், சின்ன சோலார் பேனல் ஒன்றுக்கும் இடம் வையுங்கள். பேட்டரி தரைத்தளத்தில் இருந்தால் முதல் வேலையாக மேலே ஏற்றுங்கள். ஆன்டெனா கனெக்டரைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். கடல் காற்று வீசும் ஊரில் சுற்றாத பிஎல்-259 சீக்கிரமே பச்சை பூத்துவிடும்.

எச்எஃப்-இல் (நெடுந்தூரம் போகும் சிற்றலைகளில்) 300 பாட் பேக்கெட்டை நான் அதிகம் கையாண்டதில்லை, அதனால் மதுரை, கோவை வரை நீட்டும் யோசனைக்கு என்னிடம் ஆலோசனை கேட்காதீர்கள். நகரத்துக்குள், 2 மீட்டரில், இரண்டு வீட்டுக்கு நடுவே என்றால் உறுதியாகச் சொல்வேன், நடக்கும். அந்த இரண்டாவது வீட்டை இப்போதே தேடுங்கள். உரிமம் உள்ள நண்பர் ஒருவர், உங்கள் மாடியிலிருந்து குரலில் சுத்தமாகக் கேட்பவர், பல்லாவரமோ மடிப்பாக்கமோ, இருந்தால் முதலில் அவர் வீட்டிலும் ஒரு சவுண்ட் கார்டைப் பொருத்துங்கள். லின்பிபிக்யூவை அதற்குப் பிறகு நிறுவிக்கொள்ளலாம். பொருத்தியதும் அவர் திரையில் ஆடியோ லெவலாக வரும் அந்த மூன்று எண்களை இங்கே எழுதுங்கள், எந்தப் பக்கம் என்ன திருப்ப வேண்டும் என்று சொல்கிறேன்.